மண் பரிசோதனை அட்டை: மூன்று கோடை பயன்படுத்திய பிறகு என் கருத்து

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறவன் நான். நாலு ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் கோயில் நிலம் குத்தகை. மண் பரிசோதனை செய்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, அலைச்சலுக்குத் தகுமா என்று உரக்கடை வாசலிலும் கல்யாண வீட்டிலும் என்னைக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற பத்துப் பதினைந்து பேரையாவது சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் மண் எடுங்கள். என்னுடைய ஒரே ஒரு அட்டையை வைத்துக்கொண்டு நான் ஏழு வருஷம் ஒன்றும் செய்யவில்லை. இருபத்து மூன்று பேர் சேர்ந்து மண் எடுத்து, அதில் பெரும்பாலானவர்களின் முடிவுகளைக் கோயில் மண்டபத்தில் வரிசையாகப் பரப்பி வைத்த அன்றுதான் நான் பிறந்து வளர்ந்த வயல் எப்படிப்பட்டது என்று எனக்கே தெரிந்தது.

அந்த முதல் அட்டை 2016ல் வந்தது. மண்வள அட்டைத் திட்டத்தை 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் சூரத்கர் என்ற ஊரில் பிரதமர் தொடங்கி வைத்தார், அடுத்த வருஷமே எங்கள் ஊருக்கும் அட்டை வந்துவிட்டது, இலவசம். பன்னிரண்டு அளவுகள் அதில் இருக்கும்: கார அமில நிலை (பி.எச்.), உப்பின் நிலை, அங்ககக் கரிமம் (மண்ணில் மக்கிக் கிடக்கும் கரிமம்), தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பார்த்தால் ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாதிரி இருக்கும். நான் அதைப் பட்டா பைலில் சொருகி வைத்தேன், அதோடு மறந்துவிட்டேன்.

அந்த அட்டையில் இருந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அது என் வயல் மண்ணே இல்லை! பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுப்பது அந்தத் திட்டத்தின் முறை. இரண்டரை ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வேலி. ஒரு வேலிக்குள் எங்கள் பக்கம் ஆறு ஏழு குடும்பம் இருக்கும். ஆற்றோரத்தில் படுகை மண், நாலு வயல் தள்ளினால் கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கிற களி, நடுவில் மனைக்காக மண் அடித்து அப்புறம் கைவிட்ட ஒரு திடல். எல்லாருக்கும் ஒரே எண்தான் வந்திருந்தது. நாடு முழுக்க கோடிக்கணக்கான பேருக்கு அட்டை கொடுக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் மண் பொதுவாக எப்படி இருக்கிறது என்று பார்க்க அது போதும். என் வயலுக்கு எத்தனை மூட்டை போடுவது என்று தீர்மானிக்கப் போதாது, அவ்வளவுதான்.

2023 கோடையில் நானே மண் எடுத்து ஒரு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எந்த ஆய்வுக்கூடம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே வேலை பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான், அவர்கள் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. கட்டணம் மிகக் குறைவு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அதைவிட அதிகம் ஆகும். ஆனால் முடிவு வந்தது எப்போது தெரியுமா? குறுவை நட்டு, பயிர் பச்சை பிடித்து, அடியுரமும் போட்டு முடித்த பிறகு. அடியுரம் எவ்வளவு என்று கேட்கத்தானே போனேன்! இந்தச் சேவையில் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். மே மாதம் எல்லாரும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், ஜூன் 12 மேட்டூர் திறந்தால் அடுத்த வாரமே சேடை கட்ட, அதாவது நடவுக்குச் சேறடிக்க, தயாராகிவிடுகிறோம், நடுவில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. உளுந்து பிடுங்கிய கையோடு, ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.

மண் எடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆய்வுக்கூடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீங்கள் வரப்போரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் வரப்புக்குத்தான் பரிசோதனை நடக்கும். வரப்பு, வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், இதையெல்லாம் விட்டுவிட்டு வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அந்தக் குழியின் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்சத்துகளையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரும்புச் சாமான் படாமல் மூங்கில் சிம்பாலோ மரக்கரண்டியாலோ சுரண்டுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியைத் திரும்பக் கலந்து திரும்ப நாலாக்கி, அரைக் கிலோ நிற்கும்வரை இப்படியே செய்ய வேண்டும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். பழைய யூரியா சாக்கில் கட்டிக் கொண்டுவந்த ஒருவருக்குத் தழைச்சத்து எவ்வளவு வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் களிமண்ணில் இன்னொரு சங்கடம், கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும், மண்வெட்டி இறங்காது, ஆட்கள் வெடிப்பு ஓரத்தில் உதிர்கிற கட்டியை எடுத்துப் பையில் போட்டுவிடுவார்கள். ஒரு கோடை மழை பெய்து மண் கொஞ்சம் இளகியதும் எடுத்தால் வேலை சுலபம்.

சரி, 2024க்கு வருகிறேன். அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12 திறக்கவில்லை, ஜூலை 28 தான் திறந்தது. ஆழ்குழாய் இருந்தவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள், மற்றவர்கள் வயல் காய்ந்து கிடந்தது. டீக்கடையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்து வயல் அண்ணன் கேட்டார், "ஏன் தம்பி, போன வருஷம் நீ செஞ்ச பரிசோதனைய இந்தத் தடவ வாய்க்கால் பூரா செஞ்சா என்ன?" வேறு வேலையும் இல்லை. தலைமடையிலிருந்து வடிகால் வரை ஒரே வாய்க்காலில் பாயும் இருபத்து மூன்று பேர் சேர்ந்தோம், நாலு நாளில் மண் எடுத்து முடித்தோம்.

இதில் நான் எதிர்பார்க்காத உதவி நடவு ஆட்களிடமிருந்து வந்தது. எங்கள் தெருவில் நாற்பது வருஷமாக நாற்று நடுகிற ஒரு பெரியம்மாவைக் கூட அழைத்துப் போனோம். எந்த வயலில் எந்த மூலையில் நாற்று வேர் பிடிக்க நாளாகும், எங்கே தண்ணீர் வற்றினால் வெள்ளையாகப் பூக்கும், எங்கே நட்டு மூன்று வாரத்தில் இலை துருப்பிடித்த மாதிரி ஆகும் என்று மடமடவென்று சொன்னார். வயல் சொந்தக்காரர்களுக்கே பாதி தெரியாது. அவர் காட்டிய மூலைகளில் தனியாக மாதிரி எடுத்தோம், அது சரியான முடிவாக இருந்தது.

முடிவுகள் வந்ததும் கிராம வரைபடத்தை ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, பிள்ளையார் கோயில் மண்டபச் சுவரில் மாட்டினோம். சர்வே எண் பார்த்து ஒவ்வொரு வயலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொட்டு ஸ்டிக்கர்: குறைவு என்றால் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், போதும் என்றால் பச்சை. ஒவ்வொரு சத்துக்கும் ஒரு படம். துத்தநாகப் படத்தை ஒட்டி முடித்ததும் மண்டபத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்கிற வரிசை முழுக்கச் சிவப்பு, ஆற்றுத் தண்ணீர் மட்டும் பாய்கிற வரிசையில் அங்கொன்று இங்கொன்று. பக்கத்திலேயே கார அமில நிலைப் படத்தை வைத்துப் பார்த்தால் அதே வரிசையில்தான் எட்டரையை ஒட்டிய எண்கள் (ஏழு நடுநிலை, அதற்கு மேல் போனால் காரம்). எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்புச்சுவை கொஞ்சம் தெரியும், வருஷா வருஷம் குறுவைக்கு அதையே பாய்ச்சிப் பாய்ச்சி மண்ணில் காரம் ஏறியிருக்கிறது, காரம் ஏறினால் துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. பெரியம்மா சொன்ன துருப்பிடித்த இலை இதுதான். என் ஒரு அட்டையைப் பார்த்தபோது "துத்தநாகம் குறைவு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் குறைவு என்று சொன்னது அந்தச் சுவர்.

மணிச்சத்துப் படம் நேர்மாறு, பெரும்பாலும் பச்சை. தலைமுறையாக ஒவ்வொரு போகத்துக்கும் டி.ஏ.பி. என்கிற மணிச்சத்து உரத்தைக் கொட்டியிருக்கிறோம். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது, பயிர் எடுத்தது போக மீதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மணிச்சத்து மிஞ்சினாலும் துத்தநாகப் பற்றாக்குறை கூடும் என்பதால் நாங்கள் காசு கொடுத்து நோயை வாங்கியிருக்கிறோம். 2025 குறுவையில் பச்சைப் பொட்டு இருந்த பதினோரு பேர் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யைக் குறைத்தோம். அப்போது மூட்டை 1,350 ரூபாய். மிச்சமான காசில் ஒரு பங்கில் ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) ஏக்கருக்குப் பத்துக் கிலோ வாங்கி, மணலில் கலந்து, நடவுக்கு முன் கடைசிப் பரம்படித்ததும் தூவினோம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜிங்க்கை டி.ஏ.பி.யோடு கலந்து போடாதீர்கள், இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகி இரண்டுமே வீண். மகசூல் எவ்வளவு கூடியது என்று எண் சொல்ல மாட்டேன், ஒரு போகத்தை வைத்து அப்படிச் சொல்வது சரியில்லை. அந்த வரிசையில் அந்தப் போகம் துருப்பிடித்த இலை இல்லை, இதை என் கண்ணால் பார்த்தேன்.

சாம்பல்சத்து பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இப்போது அறுவடை மிஷின் போன பின்னாலேயே வைக்கோல் கட்டும் மிஷின் வந்து உருளை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. கையில் காசு வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது, நெல்மணியில் கொஞ்சம்தான். மாடு இருந்த காலத்தில் அது எருவாகத் திரும்பி வந்தது. இப்போது லாரியேறிப் போனால் போனதுதான். மேட்டூர் அணை வருவதற்கு முன்னால், அதாவது 1934க்கு முன்னால், வெள்ளத்தோடு வண்டல் வந்து வயலில் படிந்துகொண்டே இருந்தது, இப்போது அதில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. வண்டலும் இல்லை, எருவும் இல்லை, வைக்கோலும் இல்லை என்றால் மண் எதைத் தின்னும்? எங்கள் அங்ககக் கரிமப் படத்தில் பாதிக்கு மேல் அரை சதவீதத்துக்குக் கீழே, அதாவது சிவப்பு. இதற்குப் பிறகுதான் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைக்க ஆளாளுக்கு ஓடினார்கள். ஏக்கருக்கு இருபது கிலோ விதை, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். கரிமத்தில் அது காட்டும் வித்தியாசம் ஒரே வருஷத்தில் தெரியாது, பொறுமை வேண்டும்.

இனி வடிகால் பக்கம். கடைக்கோடியில் இருந்த மூன்று வயல்களில் உப்பின் நிலையும் அதிகம், காரமும் அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை: உவருக்கும் (உப்பு ஏறிய மண்) களருக்கும் (சோடியம் மிகுந்து காரம் ஏறிய மண்) வைத்தியம் வேறு வேறு. வெறும் உவர் என்றால் நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் உப்பு கரைந்து போகும். களர் என்றால் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும், ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கிளப்பி விடும். எவ்வளவு ஜிப்சம் என்பதை ஆய்வுக்கூடத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அட்டையில் தானாக வராது. எது செய்தாலும் தண்ணீர் வெளியேற வடிகால் வேண்டும். எங்கள் வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டி எட்டு வருஷம். அந்த மூன்று பேர் தனியாக எத்தனை மூட்டை ஜிப்சம் கொட்டினாலும் உப்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வரைபடத்தைப் பார்த்த பிறகு தலைமடைக்காரர்களும் தூர் வார ஆள் அனுப்பினார்கள், தண்ணீர்ச் சண்டையில் பத்து வருஷமாகப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் உட்பட. இந்தப் பரிசோதனையால் கிடைத்தவற்றில் நான் மிகப் பெரியதாக நினைப்பது இதைத்தான்.

குறைகளும் இருக்கின்றன. ஒரே வயல் மண்ணை நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். கார அமில நிலை ஏறக்குறைய ஒன்றாக வந்தது, ஆனால் மணிச்சத்து ஒரு இடத்தில் நடுத்தரம், இன்னொரு இடத்தில் அதிகம். பார்த்ததும் இரண்டு பேர் "இதெல்லாம் சும்மா" என்று எழுந்து போய்விட்டார்கள். மணிச்சத்தைப் பிரித்தெடுக்க ஓல்சன் முறை, பிரே முறை என்று ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன, கார மண்ணுக்கு ஓல்சன் பொருந்தும், அமில மண்ணுக்குப் பிரே. எந்த முறை என்று சீட்டில் எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீரும். இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2012ல் உலக மண் கூட்டாண்மை என்று ஒன்றைத் தொடங்கியது, அதன் கீழ் 2017ல் உலக மண் ஆய்வுக்கூட வலையமைப்பு உருவானது. ஒரே மண்ணைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கிறார்கள், முறைகளை ஒரே மாதிரி எழுதி வைக்கிறார்கள். ஆசியாவுக்கென்று தனிக் கூட்டாண்மையும் உண்டு. நாடுகளுக்கு இடையில் நடக்கிற காரியம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆய்வுக்கூடங்களுக்கு இடையில் வருஷத்துக்கு ஒரு தடவை நடந்து, அதன் முடிவை விவசாயிகள் பார்க்கும்படி ஒட்டினால், எழுந்து போன அந்த இரண்டு பேரும் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த குறை குத்தகைக்காரர்களுக்கு. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களின் நிலமும் சேர்ந்தால் உழுகிறவர் ஒருவர், பட்டாவில் பெயர் இன்னொருவர் என்பதுதான் பல ஊரில் நிலவரம். அட்டை பட்டாக்காரர் பெயரில் போகிறது. என் குத்தகை நிலத்தின் பழைய அட்டையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. தமிழ் மண்வளம் இணையதளத்தில் ஊரும் சர்வே எண்ணும் போட்டால் அட்டை விவரத்தைப் பார்க்கலாம், குத்தகைக்காரர்கள் முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததும் குறைதான். சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நல்லவேளை, டெல்டாவில் கேட்க இடம் இருக்கிறது: ஆடுதுறையில் 1922லிருந்து இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூர் பக்கம் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கென்றே இருக்கும் நிறுவனம், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள். களர் அதிகம் என்றால் திருச்சி வேளாண் கல்லூரியில் களருக்குத் தாங்கும் திருச்சி ரக நெல்லைப் பற்றிக் கேளுங்கள். ஒரு அட்டையோடு போனால் ஒரு பதில் கிடைக்கும், வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போனால் கேள்விகள் வேறு மாதிரி வரும், பேச்சும் நீளும்.

மதிப்பெண் கேட்டால், பரிசோதனைக்கு ஐந்தில் மூன்றரை, நேரத்துக்கு முடிவு தருவதற்கு ஒன்றரை, கட்டணத்துக்கு முழு ஐந்து. வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து செய்ததற்கு மதிப்பெண் போட எனக்குத் தோன்றவில்லை, அதை நாங்களே செய்தோம்.

இன்னும் பாக்கி வேலை நிறைய. இருபத்து மூன்று பேரில் நாலு பேர் முடிவைச் சுவரில் ஒட்டச் சம்மதிக்கவில்லை, களர் என்று தெரிந்தால் நிலத்தின் விலை இறங்கிவிடும் என்று பயம். அந்தப் பயத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர் அப்படித்தான் யோசிப்பார். அவர்கள் வயல் மட்டும் வரைபடத்தில் வெள்ளையாக இருக்கிறது. ஒருவர் மட்டும் போன பொங்கலுக்கு மண்டபத்துக்கு வந்து, அக்கம்பக்கத்துப் பொட்டுகளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். துத்தநாகம் சிவப்பு, மணி பச்சை. அவரே ஒட்டினார்.